கனமான நான்கு சக்கர இயக்க வண்டிக்கு எந்த பிரேக் பேட், எந்த டிஸ்க்?

பொள்ளாச்சி மேற்கு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது ஏணிச் சட்டத்தின் மேல் அமைந்த ஏழு இருக்கை டீசல் வண்டி. தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வகை, மேனுவல் கியர். வெறும் வண்டியே இரண்டு டன்னுக்கு மேல். குடும்பம் முழுவதும் ஏறி, கூரை கேரியரில் சாமான்களையும் கட்டிவிட்டால் இரண்டரை டன்னைத் தாண்டிவிடும். அலுவல் காரணமாக வால்பாறைக்கு அடிக்கடி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

சென்ற முறை முழுச் சுமையுடன் இறங்கியபோது, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பாலானவற்றைக் கடந்து ஆழியாறு அணை கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்த பிறகு, பிரேக் பிடிப்பது குறைந்துகொண்டே வந்தது. பெடல் உள்ளே போகவில்லை. வழக்கமான உயரத்தில் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அழுத்தினாலும் வண்டி பாதிதான் நின்றது. இடது முன்சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்ட பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது.

பட்டறையில் கழற்றிப் பார்த்ததில், டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேட்களின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்குகள் தேய்ந்து, கழிக்க வேண்டிய அளவை நெருங்கிவிட்டன என்றார்கள். உதிரிபாகக் கடையில் மூன்று வழிகள் சொல்கிறார்கள்: வண்டி நிறுவனத்தின் பேட்டும் டிஸ்கும், செராமிக் பேட், துளையும் கீறலும் போட்ட டிஸ்குடன் செமி மெட்டாலிக் பேட் சேர்ந்த ஒரு செட். மூன்றாவதுதான் மலைக்கு ஏற்றது என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். இதே எடையுள்ள வண்டியை மலையில் ஓட்டுபவர்களும் பிரேக் வேலை தெரிந்தவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அவிநாசி சாலை

நான் செராமிக் பேட் போட்டிருக்கிறேன். சத்தம் அறவே இல்லை. அலாய் சக்கரத்தில் கறுப்புத் தூசி படிவதும் நின்றுவிட்டது. கோவைக்குள்ளும் சேலம் நெடுஞ்சாலையிலும் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் சுமையோடு மலை இறங்கும் தேவை எனக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சக்கரமும் சாவியும்

பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கடைக்காரர் காட்டும் மூன்றில் ஒன்றைத் தேர்வதற்கு முன், உங்கள் வண்டியில் உண்மையில் நடந்தது என்ன என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். மலையில் பிரேக் சோர்ந்துபோவது இரண்டு விதமாக நிகழும். இரண்டுக்கும் மருந்து வேறு.

பெடல் பஞ்சுபோல் மெத்தென்று ஆகி உள்ளே போனால், பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஆயிலில் உருவான ஆவிக்குமிழிகளை அழுத்துவதிலேயே காலின் விசை வீணாகிறது. எவ்வளவு விலை உயர்ந்த பேட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், பேட் தன் தாங்குதிறனைக் கடந்து சூடாகியிருக்கிறது. பேட்டைப் பிணைத்திருக்கும் பிசின் அந்த வெப்பத்தில் சிதைந்து, அதிலிருந்து வெளிவரும் வாயுவும் பசைப்படலமும் பேட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவில் உராய்வைக் குறைத்துவிடும். முகம் பளபளப்பாக இறுகியிருப்பது அதன் தடயம். நீங்கள் சொல்வது இந்த இரண்டாம் வகை.

இருந்தாலும் வாடை ஏன் இடது முன்சக்கரத்திலிருந்து மட்டும் வந்தது என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேட்டின் தரம் மட்டுமே காரணமாக இருந்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் சூடாகியிருக்க வேண்டும். எனவே மூன்று தகவல்கள் தேவை. இடது காலிப்பரின் (பேட்களைத் தாங்கி டிஸ்கின் மேல் அழுத்தும் பிடி) உள்பக்க பேட்டும் வெளிப்பக்க பேட்டும் ஒரே தடிமனில் உள்ளனவா? பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? டயர் நிறுவனம் கொடுத்த அளவிலேயே இருக்கிறதா?

பொள்ளாச்சி மேற்கு

விரைவான பதிலுக்கு நன்றி ஐயா. கழற்றி வைத்த பேட்களை இப்போது அளந்து பார்த்தேன். வலது பக்கம் இரண்டும் ஏறக்குறைய சமம். இடது பக்கம் உள் பேட் தேய்ந்து தகட்டை நெருங்கிவிட்டது. வெளி பேட்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. வண்டியை மறுவிற்பனையில் வாங்கியதால் ஆயில் மாற்றிய விவரம் கிடைக்கவில்லை. குப்பியில் பார்த்தால் தேநீர் நிறத்தில் இருக்கிறது. டயர் 265/65 ஆர் 17-க்குப் பதிலாக, முந்தைய உரிமையாளர் போட்ட 285/70 ஆர் 17.

சக்கரமும் சாவியும்

அப்படியானால் முதல் குற்றவாளி கிடைத்துவிட்டது. உங்கள் இடது காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. காலிப்பர் தன் பின்களின் மேல் தாராளமாக நகர்ந்தால்தான் உள்ளிருக்கும் பிஸ்டனின் விசை வெளி பேட்டுக்கும் சமமாகச் சேரும். பின் இறுகினால் உள் பேட் மட்டும் வேலை செய்கிறது. பெடலை விட்ட பிறகும் அது டிஸ்கை உரசிக்கொண்டே வரும். பேட்டுக்கு ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. இந்த நிலையில் எந்த உயர்ரக பேட்டைப் போட்டாலும் இடது பக்கம் மீண்டும் கருகும்.

பின்களைக் கழற்றித் துடைத்து, துரு அரித்த குழி இருந்தால் புதிதாக மாற்றி, ரப்பர் உறைகளையும் புதுப்பித்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸை மெலிதாகத் தடவச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் கூடாது. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பி, பின் மறுபடியும் இறுகிவிடும். பிஸ்டனும் கையால் ஒரே சீராக உள்ளே தள்ளப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். திக்கித் திக்கிப் போனால் அதன் ரப்பர் சீலையும் மாற்ற வேண்டும்.

ஆயிலையும் உடனே மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கிக்கொண்டே வரும். டாட் என்பது ஆயிலின் தரக்குறியீடு. தர விதிப்படி புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4-க்கு இவை 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. கையேடு அனுமதித்தால் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றும் டாட் 4 மலைக்குப் போதும். மாற்றாமல் விட்ட 5.1 எந்தப் பயனும் தராது. டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், முற்றிலும் வேறு பொருள். பெயர் ஒத்திருக்கிறது என்று அதைக் கலந்துவிடக் கூடாது.

ஆற்றல் கணக்கு

முந்தைய பதிவோடு முழுவதும் உடன்படுகிறேன். பேட் தேர்வு தனியே ஏன் முக்கியம் என்பதற்குச் சில எண்களைச் சேர்க்கிறேன். பிரேக்கைத் தேர்ந்தெடுப்பது என்றால் வெப்பத்தை எங்கே போடுவது, எவ்வளவு நேரத்தில் வெளியேற்றுவது என்று தீர்மானிப்பதுதான்.

இரண்டரை டன் வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 24.5 மெகா ஜூல். அதே வண்டியை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதுமாக நிறுத்த ஒரு மெகா ஜூலுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தேவை. அதாவது ஓர் இறக்கம், நெடுஞ்சாலை வேகத்திலிருந்து இருபத்தைந்து முறை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பங்கு டயர் உருள்வதிலும் காற்றைக் கிழிப்பதிலும் செலவாகிவிடும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இரண்டாம் கியரில் இறங்குபவரின் பிரேக்குக்கும் நான்காம் கியரில் இறங்குபவரின் பிரேக்குக்கும் கிடைக்கும் பங்கு ஒன்றல்ல.

டிஸ்கின் கோணத்திலிருந்தும் பார்க்கலாம். ஒரு முன் டிஸ்க் பத்து கிலோ என்றும், நிறுத்தும் வேலையில் எழுபது விழுக்காட்டை முன்சக்கரங்கள் ஏற்கின்றன என்றும் வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்துவது முன் டிஸ்குகளின் வெப்பத்தை எழுபது டிகிரிக்கு மேல் உயர்த்தும். நெடுஞ்சாலையில் அடுத்த நிறுத்தத்துக்குள் காற்று அதை ஆற்றிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வதால் டிஸ்கின் நடுவிலுள்ள காற்றுவழிகள் போதிய காற்றை இழுப்பதில்லை. வெப்பம் அடுக்கடுக்காகச் சேர்கிறது. தேய்ந்து மெலிந்த டிஸ்கில் இரும்பே குறைவு என்பதால் அதே வெப்பம் அதை இன்னும் அதிகமாகச் சூடாக்கும். டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமனை அதன் மேலேயே பொறித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 265/65 ஆர் 17-இன் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர், உங்களுடையது 831. ஏழு விழுக்காடு பெரிது. டிஸ்கும் காலிப்பரும் மாறாதபோது, அதே பெடல் அழுத்தத்துக்குச் சாலையில் கிடைக்கும் நிறுத்தும் விசை அந்த அளவுக்குக் குறையும். போதாததற்கு, ஒவ்வொரு கியரிலும் எஞ்சின் கொடுக்கும் பிடிப்பும் அதே விகிதத்தில் குறைகிறது. நிறுவன அளவுக்குத் திரும்புவது எந்த உயர்ரக பேட்டையும்விடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

இனி பேட். கடையில் மூன்று குடும்பங்கள் கிடைக்கும். உலோகம் இல்லாத ஆர்கானிக் வகை மென்மையானது, சத்தமில்லாதது, டிஸ்கைத் தேய்க்காதது; ஆனால் நீண்ட வெப்பத்தில் முதலில் சோர்வது அதுவே. செமி மெட்டாலிக் வகையில் எஃகு இழையும் இரும்புத் தூளும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். வெப்பத்தைத் தாங்கும், ஆனால் காலையில் சற்றுக் கீச்சிடும், தூசி விடும், டிஸ்கையும் விரைவாகத் தேய்க்கும். அது வெப்பத்தை நன்கு கடத்துவதால் காலிப்பருக்கும் ஆயிலுக்கும் கூடுதல் சூடு போகும். செமி மெட்டாலிக் போடுபவர் பழைய ஆயிலை விட்டுவைக்கக் கூடாது. செராமிக் என்று விற்கப்படுபவை நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதும் வேறுபடும். பெரும்பாலானவை சத்தத்தையும் தூசியையும் குறைக்க வடிவமைக்கப்பட்டவை. அவிநாசி சாலை நண்பரின் பயன்பாட்டுக்கு அது சரியான தேர்வு. சுமையோடு வால்பாறை இறங்குபவருக்கு என் பரிந்துரை அதுவாக இருக்காது.

பேட்டின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளையும் படியுங்கள். வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து இயல்பான வெப்பத்திலும் இரண்டாவது கூடுதல் வெப்பத்திலும் உள்ள உராய்வு எண்ணைக் குறிக்கும். ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55. இரண்டாம் எழுத்து முதலாவதைவிடத் தாழ்ந்திருந்தால், அந்த பேட் சூட்டில் இளகக்கூடியது என்று அதன் தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்ததற்குச் சமம். ஆனால் இந்தச் சோதனை ஒரு சிறு துண்டை வைத்து 343 டிகிரி வரை மட்டுமே செய்யப்படுவது. அதற்கு மேலான வெப்பத்தைப் பற்றியோ தேய்மானத்தைப் பற்றியோ அந்த எழுத்துகள் எதுவும் சொல்லாது. ‘ஜிஜி’ எப்போதும் ‘எஃப்எஃப்’பைவிடச் சிறந்தது என்ற முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. ஐரோப்பிய ஆர் 90 முத்திரை இருந்தால், அந்த பேட் நிறுவன பேட்டின் செயல்திறனிலிருந்து பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் விலகாது என்று சோதித்து ஒப்புதல் பெற்றது என்று பொருள். எனக்கு அந்த முத்திரைதான் பெட்டியின் மேலுள்ள விளம்பரத்தைவிட நம்பகமானது.

சேற்றுத் தடம்

மூன்றாவது செட்டுக்கு ஆதரவாக ஒரு குரல் கொடுக்க விரும்புகிறேன். மழைக்காலத்தில் எஸ்டேட் பாதைகளிலும் ஓடைகளிலும் வண்டி ஓட்டுபவன் நான். கீறல் போட்ட டிஸ்க் பேட்டின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது. ஓடையைக் கடந்து வெளியே வந்ததும் முதல் மிதியிலேயே பிடிப்பு கிடைக்கிறது. பேட்டிலிருந்து எழும் வாயு வெளியேறவும் கீறல் வழிவிடும் என்பதால் மலைக்கும் அது நல்லதுதானே?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இப்போதைய வண்டிகளில் சறுக்கும் சக்கரத்தை மின்னணு அமைப்பு பிரேக் போட்டுத்தான் பிடிக்கிறது. சேற்றில் ஒரு மணி நேரம் போராடினால், பெடலைத் தொடாமலேயே பேட்கள் தேய்ந்திருக்கும். இறக்கத்தில் தானாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொத்தானும் அதே பிரேக்கைத்தான் பயன்படுத்துகிறது. செங்குத்தான குறுகிய மண்சரிவுக்கு அது அருமையான வசதி. நீண்ட தார்ச்சாலை இறக்கத்தில் அதை இயக்கினால் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டு வருவதற்குச் சமம்.

சக்கரமும் சாவியும்

கீறலைப் பொறுத்தவரை நண்பர் சொல்வது சரி. நல்ல தயாரிப்பாளரின், அளவான கீறல்கள் மட்டும் கொண்ட டிஸ்கை நான் எதிர்க்க மாட்டேன். பேட் சற்று விரைவில் தேயும், மெல்லிய உறுமல் கேட்கும், அவ்வளவுதான். என் எதிர்ப்பு துளைக்குத்தான். துளையிட்ட டிஸ்கில் வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய இரும்பைக் கடைந்து எடுத்துவிடுகிறார்கள். மீண்டும் மீண்டும் சூடாகி ஆறும்போது ஒவ்வொரு துளையின் விளிம்பும் விரிசல் தொடங்கும் இடமாகிறது. கழற்றி வந்த அத்தகைய டிஸ்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், துளையிலிருந்து அடுத்த துளையை நோக்கி முடி போன்ற கோடுகள் ஓடுவது தெரியும். விரல் நகத்தை அந்தக் கோட்டின் குறுக்கே நகர்த்தும்போது நகம் மாட்டிக்கொண்டால் அந்த டிஸ்க் அதோடு கழிவுதான். இரண்டரை டன் வண்டிக்கு அது வேண்டாம். சேற்றில் அந்தத் துளைகள் மண் அடைத்துப்போவது வேறு.

எனவே பொள்ளாச்சி நண்பருக்கு என் பரிந்துரை: நிறுவனத்துடையதோ அதற்கு நிகரானதோ, உள்ளே காற்றுவழி உள்ள, துளையில்லாத வார்ப்பிரும்பு டிஸ்க். கூடுதல் கார்பன் கலந்த வார்ப்பு கிடைத்தால் வாங்கலாம். வெப்ப விரிசலுக்கு அது நன்றாக ஈடுகொடுக்கும். அதனுடன், கனமான வண்டிகளுக்கென்று தயாரிக்கப்பட்ட, சூட்டிலும் எழுத்து தாழாத செமி மெட்டாலிக் பேட். வெளிநாட்டுப் பெட்டிதான் வேண்டும் என்ற அவசியம் இல்லை. 1962-இல் பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும், ராணே பிரேக் லைனிங்கும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் நம் சென்னையிலேயே வளர்ந்தவை; பிரேக் தொழிலில் நமக்கு ஆழ்ந்த அறிவு இருக்கிறது. எந்தப் பெயராக இருந்தாலும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குங்கள்.

பொள்ளாச்சி மேற்கு

மிகவும் தெளிவாகிவிட்டது. டயரை நிறுவன அளவுக்கு மாற்றுகிறேன். ஸ்லைடு பின், ரப்பர் உறை, பிரேக் ஆயில் மூன்றையும் புதுப்பிக்கிறேன். துளையில்லாத டிஸ்கும் செமி மெட்டாலிக் பேட்டும் வாங்குகிறேன். மூன்று ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பழைய டிஸ்கை லேத்தில் கடைந்து பயன்படுத்தலாம் என்று ஒருவர் சொல்கிறார். வெர்னியரில் அளந்தால் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் காட்டுகிறது. முன்சக்கரங்களுக்கு மட்டும் பேட் மாற்றினால் போதுமா? இறங்கும்போது நான்கு சக்கர லோ கியரைப் போடலாமா?

ஆற்றல் கணக்கு

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் வண்டியைப் போல, முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத அமைப்பில், உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் செல்ல வேண்டும். சேற்றில் டயர் சறுக்கி அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிக்கொள்ளும், தாரில் அது முடியாமல் விசைத்தண்டுகள் முறுக்கேறி நிற்கும். சாதாரண இரு சக்கர இயக்கத்திலேயே, ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதிலோ அதற்கு ஒன்று கீழேயோ இறங்குங்கள். பிரேக்கை இலேசாக வைத்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் போட்டு வேகத்தைக் குறைத்துவிட்டு முழுவதுமாக விட்டுவிடுங்கள். விட்ட அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறுகிறது.

சக்கரமும் சாவியும்

வெர்னியர் காட்டும் அளவை நம்பாதீர்கள். பேட் படாத வெளிவிளிம்பு தேயாமல் வரப்புபோல் எழும்பி நிற்கும். வெர்னியரின் தாடைகள் அந்த வரப்பின் மேல் உட்கார்ந்து, இல்லாத தடிமனைக் காட்டும். மைக்ரோமீட்டரால் பேட் படும் பகுதியில், சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் உண்மையிலேயே மிச்சம் இருந்தாலும், கடைந்த பிறகு எஞ்சும் டிஸ்க் மெலிந்ததாகத்தான் இருக்கும். மலை வேலைக்குப் புதியதே சரி.

ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்பக்க பேட்களில் போதிய தடிமன் இருந்தால் அவற்றை விட்டுவைக்கலாம். ஆனால் பின்னால் ஒருபோதும் முன்னைவிட உராய்வு கூடிய பேட்டைப் போடக் கூடாது. பின்சக்கரங்கள் முந்திக்கொண்டு பிடிபட்டால் வண்டி வால் வீசும்.

மாட்டும்போது அருகில் நின்று சில வேலைகளைப் பாருங்கள். டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்க்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துருச்செதிள் போதும், டிஸ்கின் விளிம்பு தள்ளாட. டயல் கேஜ் வைத்து அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்து, கையேட்டில் வேறு அளவு இல்லாவிட்டால் 0.05 மில்லிமீட்டருக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியதும் ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று சொல்வார்கள். பெரும்பாலும் தொடக்கத்திலேயே இருந்த தள்ளாட்டத்தால் டிஸ்க் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்து தடிமன் மாறியிருக்கும், அல்லது பேட்டின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். புதிய டிஸ்கின் மேலுள்ள துருத்தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைக்காமல் பேட்டை மாட்டக் கூடாது. சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியோடு விட்டுவிடாமல், எதிரெதிர் வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டின் அளவுக்கு இறுக்க வேண்டும்.

புதிய பேட்டையும் டிஸ்கையும் ஒன்றோடொன்று பழக்க வேண்டும். பேட் தயாரிப்பாளரின் குறிப்பு இருந்தால் அதற்கு அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 10 வரை, முழுவதும் நிறுத்தாமல், பத்து முறை அழுத்தமாகக் குறையுங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் சற்றுத் தொலைவு ஓடவிடுங்கள். முடிந்ததும் பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான பேட்டை டிஸ்கின் மேல் அழுத்தியபடி நிறுத்தினால் அந்த இடத்தில் தடம் பதிந்துவிடும்.

சுமையோடு வால்பாறைக்குப் போவதற்கு முன் வெறும் வண்டியில் ஒருமுறை மலைப்பாதையிலுள்ள அட்டகட்டி வரை ஏறி இறங்குங்கள். கீழே வந்து நிறுத்தியதும் கையை டிஸ்கருகே கொண்டுபோகாமல், ஒரு லேசர் வெப்பமானியால் இடது, வலது முன் டிஸ்குகளை உடனுக்குடன் அளந்து எண்களை இங்கே பதிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய வேறுபாடு இருந்தால் இடது காலிப்பரை மீண்டும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.